எக்ஸ்-மென் காமிக்ஸ்: விட்ட கதையைப் பிடிப்பது எப்படி?

படம் பார்த்துப் பிடித்துப்போய், காமிக்ஸையும் ஒரு கை பார்ப்போமே என்று 2024-ல் வந்த எக்ஸ்-மென் முதல் இதழை எடுக்கிறீர்கள். அட்டையில் 1 என்று போட்டிருக்கிறது. உள்ளே போனால் சைக்ளோப்ஸ் அலாஸ்காவில் இருக்கிறார். மியூட்டன்ட்களை, அதாவது பிறவியிலேயே அபூர்வ சக்தி கொண்டவர்களை, வேட்டையாடும் சென்டினல் ரோபோக்களை ஒருகாலத்தில் தயாரித்த தொழிற்சாலைதான் இப்போது அணியின் வீடு. படத்தில் எதிரியாகப் பார்த்த மேக்னீட்டோ இங்கே அணியில் ஒருவர், அதுவும் நாற்காலியில் உட்கார்ந்தபடி. சுவரை உடைத்துக்கொண்டு வரும் ஜகர்நாட்டும் இதே பக்கம். பீஸ்ட்டுக்குத் தன் வாழ்க்கையின் பிற்பகுதி முழுக்க நினைவில் இல்லை. அணியை உருவாக்கிய பேராசிரியர் சேவியரைக் காணவே காணோம். முதல் இதழ் என்றுதானே போட்டிருந்தது, எதையோ விட்டுவிட்டோமா என்று புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கத் தோன்றும்.

விட்டது உண்மைதான். கொஞ்சமாக இல்லை, அறுபது ஆண்டுக் கதையை விட்டிருக்கிறீர்கள். ஆனால் அதையெல்லாம் படித்து முடித்துவிட்டுத்தான் இங்கே வர வேண்டும் என்பதில்லை. பல ஆண்டுகளாக எக்ஸ்-மென் படிப்பவர்களில்கூட எல்லாவற்றையும் படித்தவர்கள் அபூர்வம். இந்தக் கதைகளுக்குள் நுழைய வசதியான ஒரு வழி இருக்கிறது: இன்றைக்குப் பக்கத்தில் எங்காவது தொடங்குங்கள், மனதைப் பிடித்து இழுக்கிற ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு பின்னால் போங்கள். அதைத்தான் இங்கே விளக்கப் போகிறேன்.

முதலில் அந்த 1 என்ற எண்ணைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். புதிதாக வருகிறவர்களை அதிகம் குழப்புவது அதுதான். எக்ஸ்-மென் என்ற பெயரில், 1 என்ற எண்ணோடு, மார்வல் நிறுவனம் 2024 வரை ஏழு முறை தொடர் தொடங்கியிருக்கிறது: 1963, 1991, 2010, 2013, 2019, 2021, 2024. அன்கேனி எக்ஸ்-மென், நியூ எக்ஸ்-மென் என்று பக்கத்திலேயே ஓடிய மற்ற தொடர்களை இதில் சேர்க்கவில்லை. ஆக அந்த 1, கதை பிறந்த இடத்தைக் காட்டும் எண் இல்லை. புதிய எழுத்தாளர், புதிய ஓவியர், புதிய சூழ்நிலை, புதிய வாசகர்கள் வரலாம் என்பதற்கான அறிவிப்பு அது. 487 என்று எண் போட்ட இதழை எடுக்கத் தயங்குகிற கை, 1 என்றால் தயங்காது. 1991-ல் ஜிம் லீ வரைந்து வந்த முதல் இதழ் ஐந்து விதமான அட்டைகளோடு சுமார் 80 லட்சம் பிரதிகள் விற்றது. அதிகம் விற்ற ஒற்றைக் காமிக்ஸ் இதழ் என்று கின்னஸ் பதிவிலும் ஏறியது. அந்த எண்ணுக்கு எவ்வளவு கவர்ச்சி என்பதற்கு இது போதும்.

சில இதழ்களில் இரண்டு எண்கள் இருக்கும். 2024 ஜூனில் வந்த எக்ஸ்-மென் 35-வது இதழில் 700 என்ற எண்ணும் உண்டு. 35 என்பது 2021-ல் தொடங்கிய தொடரின் கணக்கு. 700 என்பது 1963-லிருந்து கூட்டிக்கொண்டு வரும் மொத்தக் கணக்கு. இதற்கு மரபு எண் என்று பெயர் சொல்லலாம். படிப்பவருக்கு அதனால் ஒரு வேலையும் இல்லை. பார்த்துவிட்டுக் கடந்து போங்கள். இதழ்களைத் தேடும்போது எண்ணோடு ஆண்டையும் சேர்த்துத் தேடுங்கள். “எக்ஸ்-மென் 1” என்று தேடினால் ஏழு வரும். “எக்ஸ்-மென் 1, 2019” என்றால் ஒன்றுதான் வரும்.

எண்ணை விட்டால் எதைப் பிடித்துக்கொள்வது? எழுத்தாளரை. காமிக்ஸ் வாசகர்கள் இதை ரன் என்பார்கள். ஒருவர் ஒரு தொடரை எழுதத் தொடங்கியதிலிருந்து விட்டுப் போகும் வரை உள்ள இதழ்கள் எல்லாம் சேர்ந்து ஒரு ரன். அதற்குள் நான்கு, ஐந்து, ஆறு இதழ்களில் முடிகிற ஒவ்வொரு கதையும் ஓர் ஆர்க். தொகுப்பு நூல்கள் பெரும்பாலும் ஓர் ஆர்க்கை ஒரு நூலாக்கித்தான் வருகின்றன. கதாபாத்திரங்கள் நிறுவனத்துக்குச் சொந்தம். எழுத்தாளர்கள் வருவார்கள், போவார்கள். ஆனால் ஒரு நல்ல ரன்னுக்கு ஒரு நாவலைப் போலத் தொடக்கம், வளர்ச்சி, முடிவு என்று ஒரு கட்டுக்கோப்பு இருக்கும். கிறிஸ் கிளேர்மான்ட் 1975 முதல் 1991 வரை விடாமல் எழுதினார். இன்றைக்கு நாம் எக்ஸ்-மென் என்று நினைக்கிற பலவும் அந்தப் பதினாறு ஆண்டுகளில் உருவானவை. கிராண்ட் மாரிசன் 2001-ல் எழுத வந்தார். ஜொனாதன் ஹிக்மன் 2019-ல் வந்தார். “எக்ஸ்-மென் எங்கிருந்து படிக்கலாம்?” என்று கேட்பதைவிட “யாருடைய ரன்னைப் படிக்கலாம்?” என்று கேட்டால் நல்ல பதில் கிடைக்கும்.

நானும் முதலில் 1963-லிருந்தே வரிசையாகத் தொடங்கினேன். ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் செய்த அந்த முதல் இதழ்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் ஒவ்வொரு கட்டத்திலும் நடப்பதைக் கதாபாத்திரமே வாய்விட்டுச் சொல்லும் காலம் அது. படம் காட்டுவதை வசனமும் சொல்லும். இருபது இதழ் போனதும் என் வேகம் நின்றுவிட்டது. அந்தத் தொடரே ஒரு கட்டத்தில் நின்றதுதான்: 67-வது இதழிலிருந்து 93 வரை, 1970-க்கும் 1975-க்கும் இடையில், பழைய கதைகளைத்தான் மறுபடி அச்சிட்டார்கள். வரிசையாகப் படிக்கிறேன் என்று பிடிவாதமாக உட்காருகிறவர் அந்தப் பாலையையும் கடக்க வேண்டும். அந்த இதழ்கள் எங்கும் போகாது. எக்ஸ்-மென் உங்களுக்குப் பிடித்துப்போன பிறகு போனால் அதே பக்கங்கள் வேறு சுவை தரும்.

இன்றைக்கு வருகிற கதையைப் புரிந்துகொள்ள நான் கைகாட்டும் கதவு 2019 ஜூலை. ஹவுஸ் ஆஃப் எக்ஸ், பவர்ஸ் ஆஃப் எக்ஸ் என்று இரண்டு குறுந்தொடர்கள், ஒவ்வொன்றும் ஆறு இதழ், மொத்தம் பன்னிரண்டு. எழுதியவர் ஹிக்மன், வரைந்தவர்கள் பெப்பே லராஸ், ஆர். பி. சில்வா. வாரத்துக்கு ஒன்றாக, பன்னிரண்டு வாரங்களில் வந்து முடிந்தன. இரண்டும் ஒரே கதையின் இரண்டு இழைகள். தனித்தனியாகப் படித்தால் விளங்காது. ஒன்றுவிட்டு ஒன்று என்று கண்ணை மூடிக்கொண்டு மாற்றி மாற்றிப் படித்தாலும் சரிவராது. நடுவில் பவர்ஸ் ஆஃப் எக்ஸ் 2, 3 அடுத்தடுத்து வரும், உடனே ஹவுஸ் ஆஃப் எக்ஸ் 3, 4 அடுத்தடுத்து வரும். ஒரே நூலாக வந்த தொகுப்பில் பன்னிரண்டும் சரியான வரிசையில் அடுக்கப்பட்டிருக்கின்றன.

இரண்டாவது தொடரின் பெயரைப் பவர்ஸ் ஆஃப் டென் என்று வாசிக்க வேண்டும். எக்ஸ் என்பது அங்கே ரோமன் எண்ணான பத்து. பத்தின் அடுக்குகளான ஒன்று, பத்து, நூறு, ஆயிரம் ஆகியவையே கதை நடக்கும் நான்கு காலங்கள்: முதலாம் ஆண்டு, பத்தாம் ஆண்டு, நூறாம் ஆண்டு, ஆயிரமாம் ஆண்டு. இது தெரிந்துவிட்டால் பக்கத்துக்குப் பக்கம் காலம் தாவும்போது பதற்றம் வராது. தெரியாமல் போய்த் தடுமாறியவர்கள் நிறையப் பேர்.

பழைய கதை தெரியாதவரையும் தெரிந்தவரையும் இந்தப் பன்னிரண்டு இதழ்கள் ஒரே நேரத்தில் எப்படிக் கவனித்துக்கொள்கின்றன என்பதை இரண்டு உதாரணங்களில் காட்டுகிறேன்.

ஒன்று, கிரகோவா. 2019 கதையில் உலகத்து மியூட்டன்ட்கள் எல்லோரும், நல்லவர் கெட்டவர் பார்க்காமல், ஒரே தீவில் குடியேறித் தனி நாடு அமைக்கிறார்கள். தீவுக்கே உயிர் உண்டு. அங்கே பூக்கிற பூக்களிலிருந்து கதவுகள் முளைக்கின்றன. நிலவுக்குக்கூட நடந்து போகலாம். புதிதாகப் படிப்பவருக்கு இது அழகான கற்பனை, அதுவே போதும். பழைய வாசகருக்கோ அந்தப் பெயரைக் கேட்டதும் பகீரென்கிறது. 1975-ல் வந்த ஜயன்ட்-சைஸ் எக்ஸ்-மென் முதல் இதழில் அதே கிரகோவாதான் அணியை விழுங்கப் பார்த்த அசுரத் தீவு. சிக்கிக்கொண்ட பழைய அணியை மீட்கத்தான் சேவியர் ஸ்டார்ம், நைட்கிராலர், கொலோசஸ், வுல்வரின் எல்லோரையும் கூட்டிச் சேர்த்தார். கடைசியில் அந்தத் தீவைப் பெயர்த்து விண்வெளிக்கே எறிந்தார்கள். 44 ஆண்டு கழித்து அதே பெயர் வீடாகிறது.

இரண்டு, கோல்ட்பால்ஸ் என்கிற பையன். 2013-ல் அறிமுகமானவன். அவன் சக்தி என்ன தெரியுமா? உடம்பிலிருந்து தங்க நிறப் பந்துகள் தெறிக்கும். அவ்வளவுதான். யாரும் பெரிதாக மதிக்காத சக்தி. ஹிக்மன் கதையில் அந்தப் பந்துகள் உயிரற்ற முட்டைகள் என்று தெரியவருகிறது. இன்னும் நான்கு மியூட்டன்ட்கள் அவனோடு சேர்கிறார்கள். ஒருவர் முட்டையை உயிர்ப்பிக்கிறார், ஒருவர் செல்களைப் பெருக்குகிறார், ஒருவர் காலத்தை முடுக்கி உடலை வளர்க்கிறார், ஒருவர் எல்லோரின் சக்திகளையும் இசைவாகச் சேர்க்கிறார். சேவியர் செரிப்ரோ என்ற தன் கருவியில் சேமித்து வைத்த மனம் அந்த உடலில் இறங்குகிறது. இறந்தவர் எழுந்து வருகிறார். எவரும் கண்டுகொள்ளாத ஒரு பையன் ஒரு நாட்டின் மரணத்தையே நீக்குகிற ஐவரில் முதல்வன் ஆகிறான். எனக்கு இந்த இடம் அவ்வளவு பிடிக்கும். 2013 இதழைப் படிக்காமலே இதை முழுசாக ரசிக்கலாம். படித்த பிறகு அந்தப் பழைய பக்கத்துக்குப் போனால், தரையில் உருளும் அந்தப் பந்துகளைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

விட்டதைப் பிடிப்பது பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. புதிய கதை பழைய கதைக்குள் ஒரு ஜன்னலைத் திறக்கிறது. ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பதும் இறங்கிப் போவதும் உங்கள் விருப்பம்.

2019-க்குப் பிறகு ஐந்து ஆண்டுகள் ஓடிய கிரகோவாக் காலத்தில் தொடர்கள் ஏராளம். எல்லாம் வேண்டாம். எக்ஸ் ஆஃப் ஸ்வோர்ட்ஸ் என்று 2020-ல் ஒரு கிராஸ்ஓவர் வந்தது. பல தொடர்களில் சிதறி ஓடும் ஒரே கதையைத்தான் கிராஸ்ஓவர் என்பார்கள். அது 22 பாகம். முதல் சுற்றில் தாண்டிவிடுங்கள் என்பேன். பன்னிரண்டு இதழ் முடிந்ததும், ஹிக்மன் விடைபெற்ற இன்ஃபெர்னோவுக்கு (2021, நான்கு இதழ்) போகலாம். அடுத்து கீரன் கிலன் எழுதிய இம்மார்டல் எக்ஸ்-மென். பதினெட்டு இதழ். தீவை ஆளும் மன்றத்தில் இருப்பவர்களில் ஒவ்வொரு இதழிலும் ஒருவர் கதை சொல்வார். அரசியல் பிடித்தவர்களுக்கு இந்தக் காலத்தின் ஆகச்சிறந்த தொடர் இதுதான். 2023-ல் ஹெல்ஃபயர் காலா என்ற விழா இரவில் மியூட்டன்ட்களுக்கு எதிரான ஆர்க்கிஸ் என்கிற அமைப்பு தாக்குகிறது, நாடு சிதறுகிறது. 2024-ல் ஃபால் ஆஃப் தி ஹவுஸ் ஆஃப் எக்ஸ், ரைஸ் ஆஃப் தி பவர்ஸ் ஆஃப் எக்ஸ் என்று தலா ஐந்து இதழ்கள். பெயர்கள் தொடக்கத்தைத் திருப்பிப் போட்டிருப்பதைக் கவனியுங்கள். மேலே சொன்ன 700-வது இதழோடு தீவும் அதன் மக்களில் பெரும்பாலோரும் இந்த உலகை விட்டே போகிறார்கள். எல்லாம் சேர்ந்து ஐம்பது இதழுக்குள் அடங்கும்.

முடிவைச் சொல்லிவிட்டேனே என்று வருந்த வேண்டாம். கிரகோவா விழும் என்பது 2024-க்குப் பிந்தைய எந்த இதழைத் திறந்தாலும் முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். விழும் என்று தெரிந்தே படிக்கும்போது, 2019-ல் அந்தத் தீவில் ஆடிப் பாடுகிறவர்களின் முகங்கள் இன்னும் கனமாகத் தெரிகின்றன.

ஐம்பதும் அதிகம் என்றால் நேராக 2024-க்கே வாருங்கள். ஃப்ரம் தி ஆஷஸ், அதாவது சாம்பலிலிருந்து, என்ற பெயரில் எல்லாத் தொடர்களும் புதிதாகத் தொடங்கின. மூன்று தொடர்கள் முக்கியம். ஜூலையில் வந்த எக்ஸ்-மென், ஜெட் மெக்கே எழுதுவது, நாம் ஆரம்பத்தில் பார்த்த அலாஸ்கா அணி. ஆகஸ்டில் வந்த அன்கேனி எக்ஸ்-மென், கெயில் சிமோன் எழுத்து, டேவிட் மார்க்கெஸ் ஓவியம். ரோக், கேம்பிட், வுல்வரின், நைட்கிராலர், ஜூபிலி எல்லோரும் லூசியானாவில் ஒரு வீட்டில். செப்டம்பரில் வந்த எக்செப்ஷனல் எக்ஸ்-மென், ஈவ் ஈவிங் எழுதியது. சிகாகோவில் கிட்டி பிரைடும் எம்மா ஃப்ராஸ்டும் மூன்று பிள்ளைகளுக்குப் பயிற்சி தருகிறார்கள்.

மூன்றையும் ஒரே நேரத்தில் படிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. புதியவருக்கு நான் கொடுப்பது அன்கேனி. ரோக்கும் கேம்பிட்டும் கணவன் மனைவியாகப் பேசிக்கொள்வதில் இருக்கும் சூடு எந்த முன்கதையும் இல்லாமலே புரியும். புதிதாக நான்கு பதின்வயதுப் பிள்ளைகளும் வருவதால் உங்களோடு சேர்ந்து கேள்வி கேட்க ஆள் இருக்கும். சேவியர் எங்கே என்ற கேள்விக்கும் விடை பக்கத்திலேயே இருக்கிறது: அவருடைய பழைய மாளிகையே இப்போது மியூட்டன்ட்களை அடைக்கும் கிரேமால்கின் சிறை, அவரும் அதற்குள்தான். அந்தச் சிறைமேல் நடக்கும் ரெய்டு, எக்ஸ்-மென் 8, 9 மற்றும் அன்கேனி 7, 8 ஆகிய நான்கு இதழ்களில் ஓடும் குட்டிக் கிராஸ்ஓவர். அன்கேனி 7-ல் தொடங்கி, எக்ஸ்-மென் இரண்டையும் படித்து, அன்கேனி 8-ல் முடியுங்கள். கிராஸ்ஓவர் என்றால் என்ன என்பதைப் பழகிக்கொள்ள இதைவிட வசதியான அளவு கிடைக்காது. 2025 அக்டோபரில் ஏஜ் ஆஃப் ரெவலேஷன் தொடங்கியபோது வழக்கமான தொடர்கள் நின்று, அவற்றின் இடத்தில் பத்து ஆண்டுக்குப் பிந்தைய எதிர்காலத்துக் கதைகள் வந்தன. திடீரென்று எல்லோருக்கும் வயதாகிவிட்டதே என்று அங்கே திகைக்க வேண்டாம்.

படிக்கும்போது உதவுகிற சிறு விஷயங்கள் சில. ஓர் இதழ் என்பது ஏறத்தாழ இருபது பக்கக் கதை. முன்பக்கங்களில் கதைச்சுருக்கம் ஒரு பத்தியிலும் அணியினர் பெயர்களும் இருந்தால் அதைத் தவறாமல் படியுங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். கட்டத்தின் ஓரத்தில் நட்சத்திரக் குறி போட்டு எந்த இதழைப் பார்க்க வேண்டும் என்று ஆசிரியர் எழுதியிருந்தால், அது விருப்பமிருந்தால் போகச் சொல்லும் கைகாட்டி. போகாவிட்டால் கதை நின்றுவிடாது. ஹிக்மன் தொடங்கிவைத்த இதழ்களில் நடுநடுவே வரைபடமும் எழுத்துமாகச் சில பக்கங்கள் வரும். தாண்டிவிடாதீர்கள், கதையின் பெரிய திருப்பங்கள் சில அவற்றில்தான் ஒளிந்திருக்கின்றன. மார்வல் அன்லிமிடெட் செயலியில் புதிய இதழ்கள் வெளியாகி மூன்று மாதங்களில் வந்துவிடுகின்றன. பழையதைத் தேடிப் போக அதுவே எளிது.

இப்போது ஆரம்பத்தில் விட்ட கேள்விக்கு வருகிறேன். மேக்னீட்டோ எப்போது இந்தப் பக்கம் வந்தார்? இந்த ஒரு கேள்வியை மட்டும் பிடித்துக்கொண்டு பின்னால் போனால் இரண்டே இதழ்களில் விடை இருக்கிறது, இரண்டும் கிளேர்மான்ட் எழுதியவை. முதலாவது, 1963-ல் தொடங்கிய தொடரில் 1981-ல் வந்த 150-வது இதழ். சண்டையின் உச்சத்தில் மேக்னீட்டோ தன்னைத் தடுக்க வந்த ஒருவரை மின்சாரத்தால் அடித்து வீழ்த்துகிறார். விழுந்தது யார் என்று பார்த்தால் கிட்டி பிரைட், அணிக்குப் புதிதாக வந்த சிறுமி. கொன்றுவிட்டோம் என்று நினைத்து அவளைக் கையில் ஏந்திக்கொள்கிறார். ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் கழிந்த தன் குழந்தைப் பருவம் அவர் வாயிலிருந்து வருகிறது. தான் யாரை வெறுத்தாரோ அவர்களைப் போலவே தானும் ஒரு குழந்தையின் மேல் கைவைத்துவிட்டதை அந்தப் பக்கத்தில்தான் உணர்கிறார். சண்டை அப்படியே அறுந்து நிற்கிறது. இரண்டாவது, அதே தொடரின் 200-வது இதழ், 1985. பாரிஸில் அவர்மேல் விசாரணை நடக்கிறது. முடிவில் சேவியர் தன் பள்ளியையும் பிள்ளைகளையும் அவரிடம் ஒப்படைக்கிறார். இடையில் உள்ள 49 இதழ்களைப் படிக்காமலே இந்த இரண்டும் தனித்து நிற்கும். படித்து முடித்துவிட்டு 2024-க்குத் திரும்பி, அலாஸ்காத் தொழிற்சாலையில் நாற்காலியில் இருக்கும் அந்த முதியவரை மறுபடி பாருங்கள்.

கிட்டி பிழைத்துக்கொண்டாள். எக்செப்ஷனல் முதல் இதழில் அவள் வளர்ந்த பெண். எல்லாவற்றிலிருந்தும் ஒதுங்கி, சிகாகோவில் ஒரு மதுக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். அங்கே சக்தி புதிதாக வெளிப்பட்ட ஒரு பதின்வயதுப் பெண் அவள் கண்ணில் படுகிறாள்.